தாயின் முடியை ஏன் அனுப்பவில்லை?

கேள்வி: ஐயா, என் பசுவுக்குச் சினை ஊசி போட்டேன். 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்ததால் வேறு காளையின் ஊசி போட்டேன். முதல் ஊசியிலிருந்து 289-ஆம் நாள், அதாவது இரண்டாவதிலிருந்து 268-ஆம் நாள், கிடேரி பிறந்தது. நிறத்தைப் பார்த்து முதல் காளையுடையதுதான் என்கிறார் ஊசி விற்றவர். கன்றின் முடியை மட்டும் மரபணு சோதனைக்குக் கொடுத்தேன். ஓர் இடத்தில் 180, 188 என்று வந்திருக்கிறது. தகப்பன் எது?

பதில்: நாள் கணக்கு முதல் ஊசிப் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் அது சாட்சி ஆகாது. நிறம் அதைவிட மோசம். நிறத்தைக் காட்டித் தகப்பனைச் சொல்பவரிடம் இனி ஊசி வாங்காதீர்கள்.

இந்த எண்கள் மரபணுவில் அந்த இடத்திலுள்ள துண்டின் நீளம்; ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. தாயின் முடி இல்லாமல் இந்த 180, 188 பாதிக் கணக்குதான். தாய்க்கு அதே இடத்தில் 180, 184 என்றால் கன்றின் 180 தாய் கொடுத்தது, 188 தகப்பன் கொடுத்தது. அந்த 188 இல்லாத காளை தகப்பன்தானா என்பது சந்தேகமாகிவிடும். தாய்க்கும் 180, 188 என்றே இருந்தால் எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது, அடுத்த இடத்துக்குப் போக வேண்டியதுதான். ஒரே இடத்தில் பொருந்தவில்லை என்று காளையைத் தள்ளிவிடாதீர்கள், அது மரபணுவில் நேர்ந்த திடீர் மாற்றமாகவோ வாசிப்புப் பிழையாகவோ இருக்கலாம்; பல இடங்களில் பொருந்தாவிட்டால் தள்ளலாம்.

சரி, தகப்பன் பெயர் தெரிந்துவிட்டது என்றே வைப்போம். நல்ல காளையின் கன்று என்று நிம்மதியாகிவிடுவீர்கள், எனக்கு அதுதான் கவலை. மாட்டுக்கு 30 ஜோடி குரோமோசோம், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத்தான் காளை தருகிறது, அதுவும் பெரும்பாலும் அதன் இரண்டையும் வெட்டி ஒட்டிய கலவையாக. எந்தத் துண்டு வந்தது என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சில பண்புகளுக்கு அது யார் வழியாக வந்தது என்பதே முடிவு செய்கிறது. செம்மறி ஆட்டில் காலிபீஜ் என்ற பருத்த பின்தசைப் பண்பு இருக்கிறது, 18-ஆம் குரோமோசோமில். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் தகப்பனிடமிருந்து மட்டும் வந்தால்தான் தசை பருக்கும். தாயிடமிருந்து வந்தாலும், இருவரிடமிருந்தும் வந்தாலும் குட்டி சாதாரணமாகத்தான் இருக்கும்.

அதனால்தான் தாயின் முடி என்று விடாமல் சொல்கிறேன். பசுவை விற்கும் முன்பே வாலில் 30, 40 முடியை வேரோடு பிடுங்கி, ஈரமில்லாமல் காகித உறையில் போட்டு, காது வில்லை எண்ணையும் உறைவிந்துக் குச்சியின் எண்ணையும் மேலே எழுதி வையுங்கள். கன்று இரட்டையாகப் பிறந்ததென்றால் ரத்தம் கொடுக்க வேண்டாம், கருவிலேயே இரண்டின் ரத்தமும் கலந்திருக்கும். தாய் இன்னும் உங்களிடம் இருந்தால் இன்றே முடி எடுங்கள், இரண்டு காளைகளின் மரபணு விவரத்தையும் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அவரிடம் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.