டபுள் மார்க்கரில் சிவப்பு எழுத்து

கேள்வி: எனக்கு வயது 29. முதல் குழந்தை, 13-வது வாரம். ஸ்கேனில் என்.டி. (கருவின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் தடிமன்) 1.4 மி.மீ., எல்லாம் நார்மல் என்றார்கள். ஆனால் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் டவுன் சிண்ட்ரோம் 1:180, 'ஹை ரிஸ்க்' என்று சிவப்பில் வந்திருக்கிறது. மாமியார், "எங்க பரம்பரையில இப்படி யாருமே இல்லையே" என்கிறார். பனிக்குட நீர் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டுமா?
- பெயர் வேண்டாம், கரூர்

பதில்: இதே எண் வந்த 180 கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைத்தால், ஒருவர் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும்; மற்ற 179 பேருக்கு இருக்காது. 1:180 என்பதற்கு அவ்வளவுதான் அர்த்தம். நம் ஊர் லேப்கள் பலவும் 1:250-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. பின்னால் வரும் எண் 250-க்குக் கீழே போனால் கம்ப்யூட்டர் சிவப்பில் அடித்துவிடும்.

ரத்தத்தில் பார்ப்பது நஞ்சுக்கொடி சுரக்கும் இரண்டு பொருள்களை: பாப்-ஏ என்ற புரதம், ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். டவுன் சிண்ட்ரோம் கருவில் பெரும்பாலும் முதலாவது பாதியாகக் குறைந்திருக்கும், இரண்டாவது இரட்டிப்பாக ஏறியிருக்கும். சிக்கல் என்னவென்றால், சாதாரணக் கர்ப்பத்திலேயே இந்த வாரங்களில் பாப்-ஏ நாளுக்கு நாள் ஏறும், பீட்டா இறங்கும். கர்ப்ப நாளை ஒரு வாரம் கூட்டி எழுதிவிட்டால் போதும், நல்ல கர்ப்பமும் கணக்கில் டவுன் சிண்ட்ரோம் மாதிரியே தெரியும்.

அதனால் ரிப்போர்ட்டின் மேல் பகுதியைப் பாருங்கள். வயது, எடை, ஸ்கேன் தேதி, கருவின் நீளம், சர்க்கரை நோய், ஐ.வி.எஃப். கர்ப்பமா என்ற விவரம், எல்லாம் சரியா? என்னிடம் வந்த ஒருவருக்கு 74 கிலோவை 47 என்று பதிந்திருந்தார்கள். எடை கூடினால் ரத்தத்தில் இவற்றின் அளவு நீர்த்துப்போகும். அதைக் கணக்கில் கொள்ளாததால் அவருக்கு பாப்-ஏ ரொம்பக் குறைவாகத் தெரிந்தது. திருத்தினால் லேபே மறுபடி கணக்குப் போட்டுத் தரும், புதிதாக ரத்தம் கொடுக்க வேண்டாம்.

விவரமெல்லாம் சரிதான் என்றால் அப்புறம் என்.ஐ.பி.டி. உங்கள் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்க்கும் சோதனை. டவுன் சிண்ட்ரோம் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை பிடித்துவிடும். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அதிலும் சந்தேகம் வந்தால், வயிற்றில் ஊசி செலுத்தி நீர் எடுக்கும் பனிக்குட நீர் சோதனை. அதை 15 வாரம் முடிந்த பிறகுதான் செய்வார்கள் என்பதால் உங்களுக்கு நேரம் கைநழுவவில்லை. உறுதியான பதில் அதில்தான் கிடைக்கும்; கரு கலையும் அபாயம் சிறிது உண்டு. என்.டி. 3.5-க்கு மேல் இருந்திருந்தால் நேராக ஊசிச் சோதனைக்கே போகச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு என்.ஐ.பி.டி. முதலில் போதும்.

பாப்-ஏ எவ்வளவு என்றும் டாக்டரிடம் கேளுங்கள். மிகக் குறைவாக இருந்தால், குரோமோசோம் சரியாக இருந்தாலும் பிற்பாடு பி.பி. ஏறவோ குழந்தை எடை குறையவோ வாய்ப்பு கூடுதல். அதற்குத் தனிக் கவனிப்பு தேவைப்படலாம்.

மாமியார் விஷயம். டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் முட்டை உருவாகும்போது தற்செயலாக 21-வது குரோமோசோம் ஒன்று கூடிவிடுவதால் வருவது. பரம்பரையாக வருவது மிகச் சொற்பம். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்லி நம்பாததை டாக்டர் சொன்னால் நம்புவார்.