பழைய கம்ப்யூட்டர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பா பயன்படுத்திய, 386 என்ற பழைய சிப் வைத்த கம்ப்யூட்டர் இருபது வருடமாகப் பரணில் கிடக்கிறது. இறக்கி ஆன் செய்து பார்க்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ப்ளக்கைச் செருகுமுன் மூடியைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். பல 386 போர்டுகளில் சின்னப் பீப்பாய் போல ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். தேதி, நேரத்தையும் செட்டிங்குகளையும் மறக்காமல் வைத்திருந்தது அதுதான். சுற்றிலும் பச்சை பூத்திருந்தால் கசிந்துவிட்டது என்று அர்த்தம். கசிவது காரம், செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹால்.

இதெல்லாம் தெரியாமல் என் முதல் 386-ஐ நேராக ஆன் செய்தவன் நான். திரை வந்தது, கீபோர்டு செத்திருந்தது. பேட்டரி இருந்ததே கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில்! அறுந்த தடத்துக்குப் பதிலாக முடி போன்ற ஒயரை வைத்து ஒட்ட மூன்று ராத்திரி ஆனது.

பேட்டரி போனதால் ஹார்ட் டிஸ்க் யாரென்றே மெஷினுக்குத் தெரியாது. டிஸ்கின் மேல் லேபிளில் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்கள் இருக்கும், அவற்றை செட்டப்பில் (மெஷினின் செட்டிங்குகளை மாற்றும் திரையில்) நீங்களே அடிக்க வேண்டும். மானிட்டரை மட்டும் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் ட்யூபில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அப்பாவின் ஃப்ளாப்பிகளில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள், அதைப் படிக்கும் ஹெட்டும் கெடும்.

கேள்வி: அதன் முகப்பில் உள்ள 'டர்போ' பொத்தான் வேகத்தைக் கூட்டவா?

பதில்: பெயர்தான் டர்போ, வேலை குறைப்பது! 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதை நம்பி எழுதிய விளையாட்டுகள் 386-இல் தலைதெறிக்க ஓடும். அவற்றை நிதானப்படுத்தத்தான் அந்தப் பொத்தான்.

கேள்வி: பழைய மெஷினைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளிலேயே எல்லாம் ஓடுகிறதே, பெட்டிகளைக் கட்டிக்கொண்டு மாரடிப்பானேன்?

பதில்: என் மனைவியும் இதையேதான் கேட்கிறாள். எமுலேட்டர் என்னிடமும் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1982-இல் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை ஏற்ற கேசட்டைப் போட்டுவிட்டு நாலைந்து நிமிடம் உட்கார வேண்டும். கீச்சென்று சத்தம், திரை ஓரத்தில் மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள். வால்யூம் கொஞ்சம் பிசகினால் கடைசி நொடியில் 'டேப் லோடிங் எரர்'. கேசட்டைத் திரும்பச் சுற்றி, வால்யூம் திருகை ஒரு நூலளவு நகர்த்தி, மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாம் தடவை ஏறும்போது நான் போடும் கூச்சலில் அவளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.