‘ஓடும் சார்’ போதுமா? – விண்டோஸ் 11 கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விண்டோஸ் 11 பற்றியவை. அதில் முக்கால்வாசிப் பேர் எந்தப் பதிப்பு என்றே எழுதவில்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் 23எச்2, 24எச்2, 25எச்2 என ஏதாவது ஒன்று இருக்கும். அதை எழுதாமல் ‘வேலை செய்யலை’ என்றால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

ஐ5 ஏழாம் தலைமுறை கணினி, 8 ஜிபி ராம். தடையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். போடலாமா? – காரிமங்கலம்

பிள்ளைகள் படம் பார்க்கும் கணினி என்றால் உங்கள் இஷ்டம். பில் போடும் கணினியில் வேண்டாம். இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப், கள்ள நிரல் நுழையாமல் கணினியைத் தொடங்கும் செக்யூர் பூட் மூன்றும் குறைந்தபட்சம் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. அவர்களே கைகழுவிய கணினிக்கு உங்கள் மென்பொருள்காரர் பொறுப்பேற்பாரா?

டாஸ் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய சம்பளக் கணக்கு ஓடுமா? – தருமபுரி

ஓடாது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது; 64-பிட்டில் விண்டோஸுக்கு முந்தைய காலத்து டாஸ் நிரலுக்கு இடமில்லை. விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 ஓடும், அது விண்டோஸுக்கென்றே செய்த வேறு சரக்கு.

மாங்கூழ் ஆலை எடைமேடைக்குப் புதுக் கணினி வாங்கினோம். யுஎஸ்பி-சீரியல் கேபிளில் எடை வரவில்லை. மென்பொருள்காரர் கேபிளைக் குறை சொல்கிறார், கேபிள்காரர் மென்பொருளை. – கிருஷ்ணகிரி

டிவைஸ் மேனேஜரில் ‘போர்ட்ஸ்’ பகுதியைத் திறந்து பார்த்திருந்தால் இந்தப் பஞ்சாயத்தே தேவையில்லை. மஞ்சள் முக்கோணமும், ‘பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012-லேயே நிறுத்தப்பட்டது’ என்ற பொருளில் ஆங்கில வாசகமும் இருந்தால், கேபிளுக்குள் இருப்பது பழைய புரொலிஃபிக் சிப். புது டிரைவர் அதை ஏற்காது. பழைய டிரைவரைத் தேடிப் போட்டால் ஓடும். அடுத்த அப்டேட்டில் மறுபடி படுக்கும், அதுவும் மேடையில் லாரி நிற்கும்போது. எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளை வாங்குங்கள்.

அடுத்தது காம் எண், அதாவது கேபிளுக்கு விண்டோஸ் கொடுக்கும் போர்ட் எண். புதுக் கேபிள் காம்11, காம்14 என்று போய் உட்காரும். விபி6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய பழைய எடைமேடை நிரல்கள் பலவற்றின் பட்டியலில் அந்த எண்ணே இருக்காது. போர்ட்டின் ‘அட்வான்ஸ்டு’ அமைப்பில் காம்3 ஆக்குங்கள். வேகம், எடை காட்டும் இன்டிகேட்டரில் வைத்திருப்பதுதான் இங்கும் இருக்க வேண்டும்: பெரும்பாலும் 2400 அல்லது 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். திரையில் குப்பை எழுத்து வந்தால் வேகம் தப்பு. ஒன்றுமே வராவிட்டால் காம் எண்ணையோ வயரையோ பாருங்கள்.

எங்கள் இஆர்பி (கணக்கு, ஸ்டோர்ஸ், பில் எல்லாம் சேர்ந்த மென்பொருள்) விண்டோஸ் 11-இல் ஓடும் என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார். நாங்களும் திறந்து பார்த்தோம், நன்றாக வருகிறது. 40 கணினிகளையும் மாற்றலாமா? வாடிக்கையாளர் நிறுவனத் தணிக்கையில் சான்று கேட்டால் அந்தச் செய்தியைக் காட்டலாமா? – ஓசூர், வாகன உதிரிபாகத் தொழிற்சாலை

காட்டலாம், சிரிப்பார்கள்.

எத்தனை முறை எழுதியாயிற்று! ‘ஓடும்’, ‘சப்போர்ட் உண்டு’, ‘சான்று உண்டு’ மூன்றும் ஒன்றல்ல. ஓடும் என்றால் யாரோ ஒருவர் கணினியில் திறந்தது. சப்போர்ட் என்றால் போன் எடுப்பார்கள். சான்று என்றால், இந்த விண்டோஸ் பதிப்பில் எங்கள் இந்த வெளியீட்டைச் சோதித்துவிட்டோம், கோளாறு வந்தால் ‘விண்டோஸை மாத்துங்க’ என்று கைவிரிக்க மாட்டோம் என்று அர்த்தம். எழுத்தில் வாங்குங்கள். அதில் மென்பொருளின் வெளியீட்டு எண், பேட்ச் எண், விண்டோஸ் 11 ப்ரோவா எண்டர்பிரைஸா, 24எச்2-வா 25எச்2-வா, எந்த ஜாவா அல்லது டாட்நெட், டேட்டாபேஸ் கிளையண்ட் எது என்று ஒன்று விடாமல் இருக்க வேண்டும். வெறும் ‘விண்டோஸ் 11’ என்று எழுதிய தாளில் வடை மடிக்கலாம். ப்ரோவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் 24 மாதம்தான். 24எச்2 ப்ரோ 2026 அக்டோபர் 13-ஓடு முடிகிறது. சான்றையும் அதே வேகத்தில் புதுப்பித்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

‘திறந்து பார்த்தோம்’ என்கிறீர்களே, அட்மின் லாகினில்தானே? அதில் எல்லாம் ஓடும். பழைய 32-பிட் நிரல் தன் அமைப்புக் கோப்பை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுதப் பார்க்கும். சாதாரண லாகினில் விண்டோஸ் அதைத் தடுத்து, சத்தமில்லாமல் அந்த ஆளின் ‘வர்ச்சுவல்ஸ்டோர்’ ஃபோல்டரில் ஒரு நகல் போட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. காலை ஷிப்டில் ஒருவர் மாற்றிய வரி விகிதம், அதே கணினியில் மாலை வேறு லாகினில் உட்காருபவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் இரண்டு விகிதத்தில் பில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மூன்று கணினியை மட்டும் மாற்றுங்கள்: ஸ்டோர்ஸ், கணக்கு, டிஸ்பாட்ச். சாதாரண லாகின். ஒரு முழு மாதம், மாதக் கடைசி முடிப்பு உட்பட. இ-இன்வாய்ஸ் க்யூஆர் அச்சு, பார்கோடு லேபிள், எக்செல் ஏற்றுமதி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் நான்கும் ஓடியாக வேண்டும். புது லேப்டாப்பில் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ் எழாமல் முரண்டு பிடித்தால் டிஸ்க்கின் செக்டர் (ஒரே தடவையில் எழுதும் துண்டு) அளவைப் பாருங்கள். என்விஎம்இ எனும் வேக டிஸ்க்குகள் சில 4 கேபிக்கு மேல் காட்டும், எஸ்க்யூஎல் அதை ஏற்காது. திருத்தம் மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே உண்டு. மற்ற 37 அதற்கப்புறம்.

24எச்2 வந்ததும் நெட்வொர்க் டிஸ்க்கில் உள்ள பில் ஃபோல்டர் திறக்கவில்லை. – பர்கூர், ஜவுளிக்கடை

பாஸ்வேர்டு இல்லாமல் பகிர்ந்திருப்பீர்கள். 24எச்2 ப்ரோ விருந்தாளி லாகினை விடாது, எஸ்எம்பி (ஃபோல்டர் பகிரும் நெட்வொர்க் முறை) கையொப்பமும் கேட்கும். டிஸ்க்கில் ஆளுக்கொரு பயனர் பெயர், பாஸ்வேர்டு வையுங்கள். எஸ்எம்பி 2-க்குக் குறையாமல் இருக்கட்டும். யாராவது எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடச் சொன்னால் அவரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

தமிழ்ப் பில்லில் எழுத்து அகலம் மாறி, தொகை அடுத்த வரிக்குப் போகிறது. – பாலக்கோடு, தக்காளி மண்டி

பில் ‘லதா’ எழுத்துருவில் அமைத்தது. இப்போது அது தானாக வராது. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேருங்கள். யூனிகோடு அல்லாத பழைய டேப், பாமினி எழுத்துரு வகையாக இருந்து எழுத்தே குப்பையானால், ரீஜியன் அமைப்பில் ‘யுடிஎஃப்-8 பீட்டா’ டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். எடுத்துவிட்டு ரீஸ்டார்ட்.

விண்டோஸ் 10-க்கே காசு கட்டி நீட்டித்தால் என்ன? – ஊத்தங்கரை

நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு கணினிக்கு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. அது பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும். மென்பொருள்காரரின் சான்று அதோடு நீளாது. அதையும் எழுத்தில் கேளுங்கள்.

பேக்கப் பென் டிரைவில் இருக்கிறது. மாற்ற ஆரம்பிக்கலாமா? – அரூர்

அதை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, போன மாதப் பில் ஒன்றைத் திறந்து பார்த்தீர்களா? இல்லையென்றால் பேக்கப் இல்லை. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள், அந்தக் கணினிக்குள்ளேயே அல்ல.