சிபாப் கருவி ஓடுகிறது, தரவு மட்டும் போகவில்லை: எங்கள் வீட்டில் 19 இரவுகள் காணாமல் போனபோது

"அம்மா இரவு முழுவதும் சிபாப் கருவியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். ஆனால் கைப்பேசிச் செயலிக்குத் தரவு வருவதில்லை. மருத்துவமனையில் 'நீங்கள் பயன்படுத்தவே இல்லை' என்கிறார்கள். என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்காக: தூக்கத்தில் மூச்சு நின்றுபோகாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தருவதுதான் சிபாப். எந்த இரவு எத்தனை மணி நேரம் போட்டோம் என்ற அதன் பதிவைத்தான் தரவு என்கிறோம். அந்தக் கடைசிப் பகுதியைப் படித்ததும் எனக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது. இதே சொல்லை என் அப்பாவிடமும் சொன்னார்கள்.

அப்பா 31 ஆண்டுகள் பஸ் ஓட்டியவர். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று வந்தது. 30-ஐத் தாண்டினாலே கடுமையான நிலை. கருவி வாங்கிய பிறகு அந்த எண் 3-க்கு இறங்கியது. பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் சொருகுவது நின்றது. அப்படிப்பட்டவரிடம் போன தீபாவளி கழித்து ஒரு நாள் தொலைபேசியில், "19 நாளாக நீங்கள் போடவே இல்லையே, இப்படிச் செய்தால் எப்படி ஐயா?" என்று அதட்டினார்கள். அப்பா பதில் பேசவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம், "தினமும் போட்டுக்கொண்டுதானம்மா படுக்கிறேன்" என்றார். காலையில் எழும்போது அவர் மூக்குத் தண்டில் மாஸ்க் பதிந்த சிவந்த தடமும், இரு கன்னங்களிலும் பட்டையின் கோடும் பத்து மணி வரை மறையாது. அதை நான் தினமும் பார்க்கிறேன். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது.

செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகிவிடும் என்று இங்கேயும் சிலர் சொல்வார்கள். நாங்கள் மூன்று முறை செய்தோம். கைப்பேசியை அணைத்துப் போட்டோம், கருவியின் மின்செருகியைப் பிடுங்கி மாட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் இரவு, அப்பாவின் கைப்பேசியில் புளூடூத்தை அணைத்துவிட்டுக் கருவியின் திரையைத் தற்செயலாகப் பார்த்தேன். இணைப்பு இருப்பதாகக் காட்டும் சின்னம் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. எங்கள் கைப்பேசி அணைந்திருக்கிறது என்றால், கருவி யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது?

பக்கத்து அறையில் என் மகனின் தலையணைக்கு அடியில் இருந்தது பதில். தீபாவளிக்குத் தம்பி புதுக் கைப்பேசி வாங்கித் தந்ததும், சிம் கழற்றிய பழையதை விளையாட்டுக்காகப் பையனிடம் கொடுத்திருந்தோம். அதில் செயலியும் இருந்தது, அப்பாவின் கணக்கும் திறந்தே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டடி தூரம்தான். புளூடூத்துக்கு அது ஒரு தூரமே இல்லை. கருவி பழகிய கைப்பேசியையே தேடிப் பிடித்து ஒவ்வொரு காலையும் தரவைக் கொடுத்துவிட்டது. எங்கள் வீட்டில் வைஃபை கிடையாது. சிம் இல்லாத கைப்பேசி வாங்கியதை மேலே அனுப்ப வழியில்லாமல் வயிற்றிலேயே வைத்திருந்தது. என் கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் 19 இரவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்து விழுந்தன. ஒரு நாளும் ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையவில்லை.

உங்கள் வீட்டிலும் இதே காரணம்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கைப்பேசியை மாற்றினீர்களா என்று முதலில் யோசியுங்கள். மாற்றியிருந்தால் பழையதிலும் கருவியிலும் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அனுமதிகளைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 வரை, இருப்பிட அனுமதி தராவிட்டால் செயலியால் புளூடூத் கருவியைத் தேடவே முடியாது. 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் மறுப்புக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். பேட்டரி சேமிப்பும் பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும். இந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

சில கருவிகள் கைப்பேசியை நம்புவதில்லை, செல்போன் நெட்வொர்க்கில் தானே தரவை அனுப்பும் மோடம் உள்ளேயே இருக்கும். அவை மாஸ்கைக் கழற்றிக் கருவியை நிறுத்திய பிறகுதான், சில வகைகளில் ஒரு மணி நேரம் கழித்துத்தான், தரவை அனுப்பும். நாமோ எழுந்ததும் சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடுவோம். காலையில் கொஞ்ச நேரம் மின்சாரம் இருக்கட்டும். கருவியின் அமைப்பில் விமானப் பயன்முறை தவறிப்போய் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் 2022-இல் பெரிய நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தியபோது, 3ஜி மோடம் மட்டுமே உள்ள பழைய கருவிகளுக்குத் தரவு அனுப்பும் வழி அடைபட்டது. பிள்ளைகள் அங்கிருந்து கொண்டுவந்த பழைய கருவி என்றால் இதையும் கணக்கில் வையுங்கள். காற்று தருவதற்கு இது எதுவும் தடையில்லை. தரவு போகவில்லை என்று அம்மா ஒரு இரவுகூட மாஸ்கைக் கழற்ற வேண்டாம்.

மருத்துவமனையில் காட்ட மெமரி கார்டைவிடப் பெரிய சாட்சி கிடையாது. கருவியில் கார்டு இருந்தால் நேரடியாக எடுத்துக்கொண்டு போங்கள். கணினியில் போடுமுன் கார்டின் ஓரத்தில் உள்ள சிறு பூட்டைத் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் கணினி அதில் எதையாவது எழுதிவைக்கும். திரும்பக் கருவியில் போடும்போது பூட்டைத் திறக்க மறக்காதீர்கள். கணினி 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளில் பல கருவிகளின் பதிவுகளை இரவு வாரியாகப் பார்க்கலாம். நான் மருத்துவர் இல்லை. அதைப் பார்த்து அழுத்த அளவை நீங்களே மாற்றுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறவில்லை. அந்த நான்கு நாட்களில் கருவி விற்றவர்களின் உதவி எண்ணுக்கு எத்தனை முறை அழைத்திருப்பேன்! இந்திக்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து. தமிழுக்கு எண்ணே இல்லை. திண்டுக்கல்லில் கடை திறந்து, தமிழில் பேசி, தமிழனிடம் பணம் வாங்கத் தெரிகிறது. பழுது என்று அழைத்தால் மட்டும் தமிழ் தெரிந்த ஓர் ஆள் கிடைக்கமாட்டார். கருவியின் திரையிலும் தமிழ் இல்லை. எழுபது வயதில் அப்பா அந்தச் சின்னங்களைக் கோலப் புள்ளி போல மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். இதை மொழி அரசியல் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். மூச்சு சம்பந்தப்பட்ட பொருளை விற்பவர், வாங்கியவரின் மொழியில் பதில் சொல்ல வேண்டும்.

19 இரவுகளின் பதிவையும் அச்செடுத்து அடுத்த முறை அப்பாவோடு நானே போனேன். அதட்டியவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, நெட்வொர்க் பிரச்சினைபோல" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அப்பா அந்தத் தாள்களை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்றும் அவை அவருடைய பென்ஷன் புத்தகத்துக்குள் இருக்கின்றன.