திரும்பும்போது முழங்கால் ஏன் இழுக்கிறது? ஐகிடோவின் முதல் காலடிகள்

கேள்வி: வயது 36. யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை, நாள் முழுக்கக் கதிரையில்தான். எங்கள் பக்கத்துக் கழகத்தில் ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை பழகத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. 'தென்கன்' என்ற சுழற்சியைச் செய்யச் சொன்னால் தள்ளாடுகிறேன். முன்கால் முழங்காலின் உட்பக்கம் இழுக்கிறது. முன்னர் உதைபந்தாட்டத்தில் அடிபட்ட முழங்கால் அது. வீட்டில் எப்படிப் பழகலாம்? என்ன வாங்க வேண்டும்?

பதில்: முழங்கால் கதவுப் பிணைச்சல் மாதிரி. மடங்கும், நிமிரும், முறுக்கினால் தாங்காது. குதிக்கால் நிலத்தில் ஒட்டிக் கிடக்க உடம்பை 180 பாகை திருப்பினால் பாதம் ஒரு பக்கம், தொடை ஒரு பக்கம் போகும். இடையில் அகப்படுவது முழங்கால்தான். உங்கள் தள்ளாட்டத்துக்கும் இழுப்புக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: பாரம் குதிக்காலில் இருக்கிறது.

நிற்பதில் இருந்தே இதைத் திருத்த வேண்டும். ஐகிடோவின் அடிப்படை நிலை 'ஹன்மி', அதாவது அரையுடம்பு. முன்பாதம் நேரே பார்க்கும், பின்பாதம் ஏறக்குறைய 60 பாகை வெளியே திரும்பியிருக்கும். இரண்டு குதிக்காலும் ஒரே கோட்டில். இடைவெளி உங்கள் பாதத்தின் ஒன்றரை நீளம். இக்கலையை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபா (1883–1969) வாளும் ஈட்டியும் பழகியவர். எதிரிக்கு நெஞ்சை அகலக் காட்டாத இந்த நிற்பு அந்த வழியில் வந்தது. கராத்தே பழகியிருந்தால் கால்களை நீட்டி அகட்டி நிற்கும் பழக்கம் தானாக வரும். அப்படி நின்றால் சுழலவே முடியாது. முழங்கால் சற்றே மடங்கி, பாரம் முன்பாதத்தின் பெருவிரல் அடியில் இருக்கட்டும். குதிக்காலுக்குக் கீழே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இலேசாக இருந்தால் போதும், தூக்க வேண்டாம்.

இனித் தென்கன். வலக்கால் முன்னே, எதிரில் நிற்பவர் தன் இடக்கையால் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். முன்காலை அவருடைய முன்பாதத்துக்கு வெளிப்பக்கமாக அரையடி நகர்த்துங்கள். அந்தக் காலின் பெருவிரல் அடியில் சுழன்று, இடக்காலைப் பின்னால் வளைத்துக் கொண்டுவந்து வையுங்கள். திருப்புவது இடுப்பு, பாதமும் முழங்காலும் தொப்புளும் சேர்ந்தே திரும்ப வேண்டும். முடிவில் இருவரும் தோளோடு தோளாக ஒரே திசையைப் பார்ப்பீர்கள். முன்னுக்கு நிற்பது அப்போதும் வலக்காலே. இடக்கால் முன்னுக்கு வந்திருந்தால் நீங்கள் செய்தது தென்கன் அல்ல, நின்ற இடத்திலேயே திரும்பும் 'கைதென்'. புதியவர்கள் பாதிப்பேர் குழம்புவது இங்கேதான்.

பிடிபட்ட கையை இழுக்கவே வேண்டாம். அது இருந்த இடத்தில் இருக்க, உடம்புதான் அதைச் சுற்றிப் போகிறது. கையை இழுத்தால் நாரி பின்னுக்குச் சாயும், பாரம் திரும்பக் குதிக்காலுக்குப் போய்விடும். கிளித்தட்டில் மறிப்பவரை ஒரு பக்கம் இழுத்துவிட்டு அவர் தோளோரம் நழுவுவீர்களே, அந்த உடம்புணர்வு இங்கே உதவும். ஓட்டம் மட்டும் வேண்டாம்.

வீட்டில் எந்த நிலத்தில் பழகுகிறீர்கள் என்பது முக்கியம். முற்றத்து மணலில் பாதம் புதையும். புதைந்த காலில் சுழன்றால் முழங்கால்தான் முறுகும். சொரசொரப்பான சீமெந்தும் அப்படித்தான், தோலும் உரியும். மாபிள் தரை வியர்வை பட்டால் வழுக்கும். விறாந்தையின் மினுக்கிய சீமெந்து நல்லது. பக்கத்தில் ஒரு துவாய் வைத்துப் பாதத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

வெண்கட்டியால் ஆறடிக் கோடு ஒன்று கீறி, இரண்டு குதிக்காலும் கோட்டில் இருக்க நில்லுங்கள். முதல் வாரம் சுழலாமல் 'ஒக்குரி அஷி' மட்டும் (சில இடங்களில் இதையே 'சுகி அஷி' என்பார்கள்): முன்கால் ஓரடி வழுக்கிப் போக, பின்கால் அதே அளவு தொடரும். இடைவெளி கூடவோ குறையவோ கூடாது. ஒரு செம்பில் கழுத்துவரை தண்ணீர் எடுத்து, தொப்புள் உயரத்தில் இரு கையாலும் பிடித்தபடி செய்து பாருங்கள். தண்ணீர் தளும்பினால் தலை மேலும் கீழும் ஆடுகிறது என்று அர்த்தம். முழங்காலை இன்னும் கொஞ்சம் மடியுங்கள்.

இழுப்பு இல்லாவிட்டால் இரண்டாம் வாரம் தென்கன், பக்கத்துக்குப் பத்து, மெதுவாக. பத்தும் முடிய முன்பாதம் கோட்டை விட்டு ஒரு சாணுக்கு மேல் விலகியிருந்தால் சுழலும்போது சாய்கிறீர்கள். உருள்வதை வீட்டில் பழகவே வேண்டாம். தோளில் இருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காக உருளும் அந்த 'உகேமி', மெத்தையில், ஆசிரியர் கண் முன்னால், முழந்தாளிட்ட நிலையில் இருந்து தொடங்க வேண்டியது.

அடிபட்ட முழங்காலைப் பற்றி ஆசிரியரிடம் இன்றே சொல்லுங்கள். முழந்தாளில் நடக்கும் 'ஷிக்கோ' உங்களுக்கு இப்போது வேண்டாம். குதிக்காலில் உட்காரும் 'சேய்ஸா' வலித்தால் கேட்டுவிட்டுச் சப்பாணி கட்டி இருக்கலாம். பழகிய மறுநாளும் முழங்கால் வீங்கியிருந்தால், அல்லது படி இறங்கக் கால் மடங்கிக் கைவிட்டால், வகுப்பை நிறுத்தி வைத்தியரைப் பாருங்கள்.

வாங்குவதற்கு அதிகம் இல்லை. முதல் மாதத்துக்கு ரீசேட்டும் முழங்காலை மூடும் தளர்ந்த நீளக் காற்சட்டையும் போதும். தொடர்வது உறுதியானால் ஜூடோ உடுப்பு ஒன்று. கராத்தே உடுப்பு மெல்லியது, பிடித்து இழுத்தால் சீக்கிரம் கிழியும். பாவாடை போன்ற 'ஹகாமா' பல இடங்களில் கறுப்புப் பட்டிக்குப் பிறகே. மெத்தை வரை போட்டு வர ஒரு செருப்பு, நகம்வெட்டி, தண்ணீர்ப் போத்தல். மோதிரமும் காப்பும் வீட்டிலேயே இருக்கட்டும்.