இன்ஜின் கோளாறுகள்: பாகத்தை மாற்றும் முன் ஒரு கேள்வி பதில்

கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். ‘இன்ஜின் சத்தம் போடுகிறது’, ‘வண்டி இழுக்கவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எப்போது என்பதையும் எழுதுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா, ஏ.சி. போட்டாலா, மேடு ஏறும்போதா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி: டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. நெடுஞ்சாலையில் எண்பதில் போனால் தானாக இறங்கிவிடுகிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உள்ள ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். வண்டி ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது. நிற்கும்போது அந்த வேலையைச் செய்வது ஃபேன் மட்டும்தான். எனவே முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான் வர வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்றும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். ஏ.சி.க்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லையென்றால் டெம்பரேச்சர் சென்சாரையும் அதன் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே தூசியும் இலையும் கம்பளி மாதிரி அப்பியிருந்தாலும் இதே கதைதான்.

ஹெட் கேஸ்கெட் போனதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. எங்கும் ஒழுகாமலேயே கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) குறையும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காது. காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், சூடேறும் முன்பே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் விறைத்துவிடும். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை ஒன்றும் இருக்கிறது. எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வந்தால் பெட்ரோல் இன்ஜினில் அந்த நீலம் மஞ்சளாகும். இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அது கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது, வண்டி உதறுகிறது. ஸ்கேனரில் பி0302 என்று வந்தது. நாலு பிளக்கும் மாற்றியாயிற்று, சரியாகவில்லை. இப்போது பிளக்குக்கு மின்சாரம் தரும் நாலு காயிலும் மாற்றச் சொல்கிறார்கள்.

பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது) என்று மட்டுமே பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று ஸ்கேனர் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. காசு செலவில்லாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டில் போடுங்கள். ஸ்கேனர் காட்டிய பி0302 என்ற எண்ணை ஸ்கேனரிலேயே அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் குற்றவாளி அந்தக் காயில்தான். ஒன்று மட்டும் வாங்கினால் போதும். இரண்டிலேயே நின்றால் பிளக்கையும் அப்படியே இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லையென்றால் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) என்று அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

காயிலைக் கழற்றும்போது பிளக்கையும் எடுத்து, அதன் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கருப்புக் கோடு தெரிந்தால், மின்பொறி உள்ளே பாயாமல் பக்கவாட்டில் கசிகிறது. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதற்கு நேராக ஒரு கோடு இருக்கும். பழைய உறையை வைத்துக்கொண்டு பிளக்கை மட்டும் புதிதாகப் போட்டால், புதியதிலும் அதே கோடு விழும். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டையோ அதன் டியூப் சீலையோ மாற்றாமல் வேலை முடியாது.

விளக்கு சிமிட்டும்போது மட்டும் அலட்சியம் வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் மெல்ல ஓரம் கட்டுங்கள். நின்று எரியும் விளக்குக்கு இவ்வளவு அவசரம் இல்லை.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு வீச்சு நீலப் புகை. பிறகு இல்லை. ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) செய்ய வேண்டுமா?

ஆயில் கீழே இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் கெட்டியாகியிருக்கும். இரவெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கிக் காலையில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஓடும்போது, அதுவும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, நீலம் வரும். உங்களுக்கு அப்படி இல்லை. ரீபோர் பேச்சையே எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெளிர் மஞ்சளாகக் குழம்பு போல் படிகிறது.

தினமும் ஓரிரு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறீர்களா? அப்படியென்றால் உள்ளே வேர்த்த நீர்தான். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சியில்) ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்ட்டும் குறையவில்லையென்றால் ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும்.

கேள்வி: இரண்டு மாதம் முன்பு போட்ட புது பேட்டரி. காலையில் செல்ஃப் ‘டக டக’ என்கிறது, இன்ஜின் சுற்றவில்லை.

முதலில் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். பிறகு மீட்டர். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். சார்ஜிங் சரி, ஆனாலும் காலையில் இறங்கியிருக்கிறதென்றால் ஏதோ ஒன்று இரவில் கரன்ட் குடிக்கிறது. வண்டியைப் பூட்டி அடங்கவிட்டு அளந்தால் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூட இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் ஆள் சிக்கிவிடும்.

கேள்வி: டீசல் வண்டி. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்ஸரைப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவில்லை. ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கைச் சோதியுங்கள். புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. ஃபில்டர் அடைப்பு, லைனில் ஏர் புகுந்திருப்பது, இவை இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: சூடான பிறகு ஐடிலிங்கில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது. டிப்ஸ்டிக்கில் அளவு சரி. சர்வீஸ் வரை ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அழுத்தம் இல்லாமல் பேரிங் தேய ஒரு பயணமே போதும். கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் சரியாக இருந்தால் அந்த விளக்கை எரியவைக்கும் சின்ன சுவிட்ச் ஒன்றை மாற்றுவதோடு முடியும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் வண்டி. டைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பெல்ட்) எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை. சத்தம் ஏதும் இல்லை. காத்திருக்கலாமா?

பெல்ட் பெரும்பாலும் சத்தம் போடாமலேயே அறும். பல இன்ஜின்களில் அது அறுந்த நொடியில் பிஸ்டன் வால்வில் மோதி, வால்வு வளைந்துவிடும். மேனுவலில் கிலோமீட்டர், வருடம் என இரண்டு கணக்கு இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. ரசீது இல்லாத வண்டிக்கு மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு உடனே மாற்றுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள். அந்தப் பெல்ட்டே வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறதென்றால், பிரித்த கையோடு அதையும் போட்டுவிடுங்கள்.