எட்டரை மணித்தியாலமும் ஒரு சிவப்பு மெத்தையும்

கடிதம்

வணக்கம் அண்ணா,
உப்புவெளியில இருந்து எழுதுறன். நியூயோர்க் கென்னடி எயார்போர்ட்டில இருக்கிற டி.டபிள்யூ.ஏ. எண்ட அமெரிக்க பிளேன் கொம்பனியின்ர அந்தப் பழைய கட்டடத்துக்குள்ள போய் இருந்து சாப்பிட்டதப் பற்றி நீங்க எழுதினத வாசிச்சன். வாற மாசம் அம்மாவக் கூட்டிக்கொண்டு டொரோண்டோவுக்கு அக்காட்டப் போறன், கென்னடியில எட்டரை மணித்தியாலம் நிக்கோணும். அம்மாவுக்கு 71 வயசு, முழங்கால் வருத்தம். ஒரு ரெஸ்டோரண்ட் பாக்கிறதுக்காக அவவ அலைக்கிறது சரியா, இல்ல கேட்டுக்குப் பக்கத்திலயே இருப்பமா?

பதில்

தங்கச்சி, கூட்டிக்கொண்டு போங்கோ.

முதல்ல அலைச்சல் கதை. அமெரிக்காவில பிளேன் மாறிப் போறதெண்டாலும் விசா வேணும், இமிகிரேஷனும் தாண்டோணும், பெட்டியையும் எடுத்துத் திருப்பிக் குடுக்கோணும், அதால நீங்க எப்பிடியும் வெளியால வந்துதான் ஆகோணும். அதுக்குப் பிறகு டேர்மினல்களுக்கு இடையில ஓடுற எயார்ட்ரெயின் இருக்கு, காசில்ல, டேர்மினல் 5ல இறங்கினா சரி. அம்மாவுக்கு வீல்செயார் வேணுமெண்டு டிக்கெட்டிலயே போட்டு வையுங்கோ. திரும்பி வர மூண்டு மணித்தியாலம் ஒதுக்கினாலும் அங்க ஆறுதலா இருக்க நேரம் கிடைக்கும்.

அந்தக் கட்டடத்த வரைஞ்சவர் ஈரோ சாரினென், பின்லாந்தில பிறந்தவர். 1961ல செத்துப்போனார், கட்டடம் திறந்தது 1962ல, மனுசன் அதப் பாக்கவேயில்ல. கொங்கிறீட்டத்தான் ஊத்தியிருக்கு, ஆனா உள்ள போனா ஒரு மூலை முடுக்கு கண்ணில படாது, படி, மேசை, கூரை எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு ஒண்டுக்குள்ள ஒண்டு ஓடும், நிலத்தில சட்டைப் பொத்தான் அளவில வெள்ளை வெள்ளையா ஓடு பதிச்சிருக்கும். நான் குனிஞ்சு கையால தடவிப் பாத்தன். இனி வரப்போற காலம் இப்பிடித்தான் இருக்கும் எண்டு அந்த நாளில நம்பிக் கட்டியிருக்கிறாங்கள். பிறகு பெரிய ஜெட்டுகள் வந்து சனம் கூடினதோட இடம் காணாமப் போய், 2001ல பூட்டி, 2019லதான் ஹோட்டலாத் திறந்தது. திருகோணமலையில சைனாபே பக்கம் வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய் டாங்கிகள் காடு மூடிக் கிடக்கிறதப் பாத்து வளந்த எனக்கு, பூட்டிக் கிடந்த ஒண்டத் திருப்பித் துடைச்சு எடுத்திருக்கிறத கண்டவுடன நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

நடுவில ஒரு பள்ளம் மாதிரி இறக்கி, சுத்திவரச் சிவப்பு மெத்தை போட்டிருக்கு. முன்னால பெரிய கண்ணாடி, அதுக்கு அங்கால 1958ல செய்த லொக்ஹீட் கொன்ஸ்டலேஷன் பிளேன், நாலு விசிறியோட நிக்குது, இப்ப அதுக்குள்ள பார் நடத்துறாங்கள். மேல பிளேன் நேரம் காட்டுற ஒரு பலகை, எழுத்து மாறேக்க தகடுகள் எல்லாம் டக டக டக எண்டு புரளும், மழை ஓட்டில விழுற மாதிரி. நான் அதுக்குக் கீழ கோப்பியோட கனநேரம் இருந்தன்.

அங்க இருந்து நான் அழுதிட்டன், ஏன் எண்டு நீங்க கேக்கேல்ல, ஆனா அதச் சொல்லோணும். 1998ல நான் முதல்முதலா வெளிநாடு போகேக்க, திருகோணமலையில இருந்து இரவு முழுக்க என்னோட வான் வண்டியில வந்த அம்மாவ வழியில ஒரு செக்பொயின்ட்டோட மறிச்சுப் போட்டாங்கள், நான் மட்டும் பஸ்ஸில ஏறிப் போனன், பின் கண்ணாடியால பாக்கேக்க அவ ரோட்டுக் கரையில சுடுதண்ணிப் போத்தலக் கையில வச்சுக்கொண்டு நிண்டா, நான் ஏறின பிளேன அவ காணவேயில்ல. இங்க என்னெண்டா, அந்த நாளில வழியனுப்ப வந்த சனமும் உள்ளுக்கு வந்து, அந்தச் சிவப்பு மெத்தையில இருந்து, பிளேன் போறத கண்ணாடியால பாத்திட்டுத்தான் வீட்ட போகுங்களாம். வழியனுப்பிறவைக்கும் இருக்க ஒரு இடம் வேணுமெண்டு ஒருத்தன் நினைச்சிருக்கிறான் தங்கச்சி.

சாப்பாடு பரவாயில்ல, விலை கூட, பிளேனில தாறத வடிவாச் சாப்பிட்டிட்டு இங்க ஏதாவது குடிச்சாப் போதும். மெத்தைக்கு இறங்க சில படி இருக்கு, அம்மாவின்ர கையப் பிடிச்சு இறக்குங்கோ. கண்ணாடியப் பாத்தபடி இருத்துங்கோ.